குழுவிலிருந்து நீக்கப்பட்டவள்

மேலிடம் சொன்னதற்காக வாசகர்களுக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கிய நூலகர் கோட்டைச்சாமிக்கு ஒரே வாரத்தில் அலுத்துப்போனது. முருகேஸ்வரி என்ற ஒருத்தி எந்தப் புத்தகம் கேட்டாலும் குரல் பதிவாகத்தான் பேசி அனுப்பினாள்.

“எழுதப் படிக்கத் தெரிஞ்சா டைப் பண்ணுங்க. இது சந்தைக்கடை இல்ல” என்று எல்லோரும் பார்க்கப் போட்டார்.

மறுபடியும் அவள் குரலே வந்தது. குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

மறுநாள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் ஏறி அவளே நூலகத்துக்கு வந்தாள். சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

“என்னைய ஏன் நீக்குனீக?”

“மறுபடி சேரணும்னா மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு” என்று தாளையும் பேனாவையும் தள்ளினார்.

அவள் தலைப்பை விலக்கி, விரல்கள் இல்லாத இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள்.

“போன சீசன்ல பட்டாசுக் கம்பெனி வெடிச்சதுல போச்சு. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க.”