வலசைச் சட்டம்

அந்தப் பனியன் கம்பெனியில் வலசைப் பறவைகளின் சட்டம் வந்து மூன்று வருடமாகிறது. பறவைகள் முறைவைத்துக் கூட்டத்துக்கு முன்னால் பறப்பதுபோல, வாரம் ஒருவர் தையல் லைனுக்கு முன்னால் நிற்க வேண்டும். லைனில் யார் தவறினாலும் பதில் சொல்வது அவர்தான். ஒருவர் நோயில் விழுந்தால், அடுத்த முறைக்காரர்கள் இருவர், வேலை நேரம் போக, அவர் குணமாகும்வரை கூடவே தங்க வேண்டும். போன வாரம் முன்னால் நின்றவளுக்கு, யாரோ தவறவிட்ட தையலுக்காக வேலை போனது.

திங்கட்கிழமை முன்னால் நிற்கவேண்டிய பிலோமினா சனிக்கிழமை படுத்துவிட்டாள். அவளுக்கு அடுத்த முறை கோகிலாவுடையது, அதற்கடுத்தது ரஹ்மத்துடையது. இருவரும் பாயோடு அவள் அறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

காய்ச்சல் என்பதில் கோகிலாவுக்கு நம்பிக்கை இல்லை. மூன்று தடவை தெர்மாமீட்டர் வைத்தாள். மூன்று தடவையும் நூற்றிரண்டு.

"வாயில சுடுதண்ணி வச்சிருந்தீங்களாக்கா?"

"நம்பலைன்னா போர்வைக்குள்ள வந்து பாரு புள்ள."

கோகிலா உள்ளே புகுந்து படுத்தாள். பிலோமினாவின் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. காய்ச்சல் நிஜம்தான். அப்படியானால் திங்கட்கிழமை தன் தலையில். எழப்போனவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு பிலோமினாவின் முகத்தருகே முகம் வைத்து நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த ரஹ்மத்துக்குப் புரிந்துவிட்டது. தன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து, போர்வையின் மறு ஓரத்தைத் தூக்கினாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கக்கா. எனக்கும் எடம் வேணும்."