அம்மாவாக இருந்த கடிகாரம்

துண்டில் சுற்றிவைத்த அந்த அலாரக் கடிகாரத்தின் டிக் டிக் ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது. புதிதாக வந்த நாய்க்குட்டி தாயைத் தேடி ஓயாமல் அழுதபோது, ரெஜினா அதைக் குட்டியின் அருகில் வைத்தாள். தாயின் நெஞ்சுத் துடிப்பு என்று நினைத்துக் குட்டி அதை ஒட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது.

பிறகொரு மதியம் குட்டி அழவே இல்லை. "எவ்வளவு சமத்து!" என்று சொல்லிவிட்டு ரெஜினா உள்ளே போனாள்.

"பார்த்தாயா என் தாலாட்டை!" என்றது கடிகாரம்.

"பெரிய தாலாட்டு!" என்றது தண்ணீர்க் கிண்ணம். "காலையிலிருந்து என்னை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈறெல்லாம் வெளுத்திருக்கிறது. ரெஜினாவைக் கூப்பிடுங்கள் அண்ணே."

கடிகாரம் குழம்பியது. தூக்கமென்றால் எழுப்புவது பாவம். நோயென்றால் எழுப்பாதது பாவம். இது எது?

"நான் அலறினால், நான் அம்மா இல்லையென்று குட்டிக்குத் தெரிந்துவிடுமே."

"சும்மா இருந்தால் மட்டும் அம்மாவா?"

கடிகாரம் டிக் என்றது. யோசித்தது. மறுபடி டிக் என்றது. பிறகு வேளைகெட்ட வேளையில் வீடே அதிர அலறியது. குட்டி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அலாரத்தை நிறுத்த வந்த ரெஜினா குட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே வாரியெடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள்.

குட்டி பிழைத்துக்கொண்டது. கண்ட நேரத்தில் அடிக்கிறதென்று கடிகாரத்தைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள்.