கள்ளிக்குப்பத்துக் கப்பல்

"படகு விலைக்கு வருதுன்னு கேள்விப்பட்டேன் சார்."

கேட்டுக்கு வெளியே நின்ற நிர்மல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

கேட்டைத் திறந்த வேலுசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஆவடி டாங்கி தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கியும் முதுகு ஓர் அங்குலம் வளையவில்லை.

"யார் சொன்னது?"

"தெரிஞ்சவங்க சார்."

"அப்படியா? நல்லது. உள்ளே வாங்க தம்பி."

வீட்டை ஒட்டி, டிரெய்லர் மேல் நின்றது படகு. கள்ளிக்குப்பத்தில் அந்த வீட்டுக்கு வழி கேட்டால், "கப்பல்காரரு ஊடா? நேரா போய்க்கினே இரு, கொடி பறக்கும்" என்பார்கள். ஓட்டை உடைசலாக ஏலத்துக்கு வந்ததை வாங்கி, நான்கு வருஷம் தன் கையாலேயே இழைத்து, ஒட்டி, வர்ணம் பூசியிருந்தார். சின்னப் படகுதான். ஆனால் உள்ளே கேபின் உண்டு. இரண்டு பேர் படுக்கலாம், ஸ்டவ் மூட்டிக் காபி போடலாம், சன்னலுக்குத் திரைகூட உண்டு. முகப்பில் மனைவியின் பெயர்: 'ஞானம்'.

நிர்மல் ஷூவைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினான். வேலுசாமி அதைக் கவனித்தார்.

உண்மையில் அவனுக்குப் படகு வேண்டாம். ஸ்வாதிதான் வேண்டும். வேலுசாமியின் ஒரே மகள். அவனோடு ஒரே அலுவலகத்தில் வேலை. "பொண்ணு கேட்டு வந்த மூணு பேரை அப்பா வாசலோட திருப்பி அனுப்பிட்டார். ஒருத்தன் எங்க அம்மாகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு டம்ளரைத் தரையில வெச்சான், அதுக்கே!" என்று சொன்னவள் அவள்தான். யோசனையும் அவளுடையதுதான். "படகை விக்கப் போறாராம். வாங்கறவன் மாதிரி வா. முதல்ல நல்ல பேர் எடு. அப்புறம் விஷயத்தைச் சொல்லிக்கலாம்."

ஞானம்மாள் காபி கொண்டுவந்தாள். குடித்து முடித்த நிர்மல், டம்ளரை எழுந்து போய் அவள் கையிலேயே கொடுத்தான்.

"பூர்வீகம்?" என்றார் வேலுசாமி.

"காட்பாடி பக்கம் சார். இப்ப முகப்பேர்ல, அப்பா அம்மாவோட. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை."

"குடி, சிகரெட்டு?"

"கிடையாது சார்."

"படகு வாங்க வந்தவன்கிட்ட இதெல்லாம் எதுக்குன்னு பாக்கறியா? தகுதியில்லாதவன் கையில என் வீட்டுச் சொத்து போகாது. எங்க பரம்பரையில பொய்யும் கிடையாது, சொன்ன சொல் மாறறதும் கிடையாது." மீசையை நீவிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வா. தண்ணியில ஓட்டிப் பாத்துட்டுப் பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை டிரெய்லர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குக் கிளம்பினார்கள். தயிர்சாதத் தூக்கோடு ஞானம்மாளும் வந்தாள். ஸ்வாதி மட்டும் தலைவலி என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

ஏரியில் இறங்கியதும் வேலுசாமிக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், "கேப்டன் ஐயா!" என்று கையை உயர்த்த, கஞ்சி மடிப்புச் சட்டையில் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்.

"இந்தா, நீ ஓட்டு" என்று சுக்கானை நிர்மலிடம் கொடுத்தார்.

ஐந்தாவது நிமிஷம் படகு சேற்றுத் திட்டில் ஏறிச் செருகி நின்றது.

"போச்சுடா! கம்ப்யூட்டர்ல இப்படித்தான் முட்டுவியா?" என்றபடி வேலுசாமி கால்சட்டையைச் சுருட்டக் குனிந்தார்.

"நீங்க இருங்க சார். முட்டினது நான்தானே!" நிர்மல் தண்ணீரில் குதித்துவிட்டான். முழங்கால் வரை சேறு. அரை மணி நேரம் முட்டுக்கொடுத்துத் தள்ளிப் படகை மீட்டான். ஞானம்மாள் துண்டை நீட்டினாள்.

"படகு பிடிச்சிருக்கா?" என்றார் வேலுசாமி.

"ரொம்ப சார்."

அவர் கேபினுக்குள் போய் ஒரு தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம்.

"வாக்கு குடுக்க எங்க வழக்கம் இது. இந்த வெத்தலையை எடுத்துக்கிட்டா படகு உன்னோடது. அப்புறம் நீயும் மாறக்கூடாது, நானும் மாறமாட்டேன்."

நிர்மலின் கை பாதி வழியில் நின்றது. எடுத்தால் பொய். எடுக்காவிட்டால் ஸ்வாதி கிடைக்கமாட்டாள்.

கையை மடக்கிக்கொண்டான்.

"மன்னிச்சுடுங்க சார். நான் படகு வாங்க வரல. உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களான்னு கேக்க வந்தேன். கேக்க தைரியமில்லாம பொய் சொல்லிட்டேன். தப்பு என் மேலதான், ஸ்வாதியைத் திட்டாதீங்க. பொய்யோட உங்க தட்டுல கை வெக்க மனசு வரல."

ஞானம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வேலுசாமியின் முகம் இரும்பாக இருந்தது. தாம்பாளத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சுக்கானைப் பிடித்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு முறையா வீட்டுக்கு வா. தட்டு தயாரா இருக்கும்."

நிர்மலுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார்... என்னால உங்க படகு விக்கறது கெட்டுப் போச்சே!"

"இதை யாருய்யா விக்கறா?" வேலுசாமி முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். "பொறந்ததுலேர்ந்து ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கேன், படகை விக்கப் போறேன்னு. அதையும் ஒரே ஒரு ஆளுகிட்டதான் சொன்னேன், என் பொண்ணுகிட்ட. அதைக் கேட்டுட்டு எவன் வந்து வாசல்ல நிக்கறான்னு பாக்கத்தான்!"