எண்ணெய் சூடாகட்டும்

பனி அள்ளும் வண்டியின் பக்கெட் பாதியில் நின்றுவிட்டது.

அவன் லீவரை மறுபடி இழுத்தான். பம்ப் கீச்சென்று கத்தியது. பக்கெட் ஒரு சாண் ஏறி, நடுங்கி, இறங்கிவிட்டது.

எதிரே ஒரு பஸ் நீளத்துக்குப் பனி. அதுதான் கடைசிச் சுவர்.

குளிர்காலம் முடிந்ததும் கணவாய்ச் சாலையை இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழு, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழு வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கும். கடைசிச் சுவரை மட்டும் ஒரு பக்கத்திலிருந்துதான் உடைக்க வேண்டும். இல்லையென்றால் ஆள்மேல் சரியும். இந்த முறை அது இவன் வேலை. அந்தப் பக்கத்து வண்டி ஒதுங்கி நின்றுவிட்டது.

சுவருக்கு அப்பால் கொம்பையா இருக்கிறான்.

கொம்பையாவை அவன் பார்த்ததே இல்லை. தூத்துக்குடிப் பக்கம். அந்த வண்டியின் மெக்கானிக். மற்றபடி, சாயங்காலமானால் வயர்லெஸ்ஸில் வரும் ஒரு குரல்.

வண்டிகளின் நிலவரத்தைப் பேச ஒதுக்கிய நேரம் அது. முகாமில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனால் இடையிடையே பிரஷர், வால்வு, ஹோஸ் என்று உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். கொம்பையா தன் தங்கை கல்யாணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து வால்வுகள் வந்து போயின. இருவரின் தொழில் பக்தியின்மேல் அதிகாரிக்குப் பெரிய மரியாதை.

வண்டி உண்மையிலேயே மக்கர் செய்தால், இவன் மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பம்பின் சத்தத்தைக் கேட்க வைப்பான். கொம்பையா காது கொடுத்துக் கேட்பான்.

பிறகு சொல்வான்.

"எண்ணெ சூடாவட்டும்வே. கைய வச்சுப் பாரும். கை சொல்லும்."

அந்தக் குரலுக்கு இவனாகவே ஒரு முகம் செய்து வைத்திருந்தான். அது சரிதானா என்று பார்க்க வேண்டும். இந்தக் குளிர்காலம் முழுக்க வேறு எதற்கும் அவன் இவ்வளவு ஏங்கியதில்லை. வீட்டுக்குக்கூட.

அதிகாரி வந்து மலையைக் காட்டினார். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அது இங்கே வருவதற்குள் வழி திறக்காவிட்டால் இரண்டு குழுவும் முகாமுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நாளை விடிந்ததும் கொம்பையா மாற்றலில் போகிறான். நாடு பெரிது. அப்புறம் அந்தக் குரலும் கிடையாது.

இவன் வண்டியிலிருந்து இறங்கினான். கையுறையைக் கழற்றி எண்ணெய் டேங்கில் கையை வைத்தான். மேலே வெதுவெதுப்பு. கையை மெல்லக் கீழே நகர்த்தினான். பம்புக்குப் போகும் குழாயின் வாயருகே விரல் விறைத்துப்போனது.

தண்ணீர்.

குளிரில் டேங்கின் உட்சுவர் வியர்த்து, அடியில் தண்ணீர் சேரும். வேலை முடிந்ததும், எண்ணெய் ஆறுவதற்குள் அடித் திருகைத் திறந்து அதை வடித்துவிட வேண்டும். வடிக்காத தண்ணீர் இப்போது பனிக்கட்டியாகிக் குழாயின் வாயை அடைத்திருக்கிறது.

வயர்லெஸ்ஸில் கொம்பையாவின் முதல் கேள்வியே அதுதான். "தண்ணி வடிச்சாச்சா?"

இந்த ஒரு வாரமாகக் கொம்பையா அதைக் கேட்கவில்லை. "இன்னும் எவ்வளவு தூரம் கெடக்குவே?" என்றுதான் கேட்டான். இவனும் அதைத்தான் சொன்னான். சந்தித்ததும் யார் முதலில் பேசுவது என்று சண்டை வேறு போட்டுக்கொண்டார்கள். ஒரு வால்வுகூட வரவில்லை. அதிகாரியே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

தண்ணீரை இருவருமே மறந்துபோனார்கள்.

தேநீருக்குக் கொதித்த வெந்நீர் முழுவதையும் இவன் கேட்டு வாங்கினான். எல்லோரும் முறைத்தார்கள். சாக்கை அதில் முக்கிக் குழாயில் சுற்றினான். ஆறியதும் மறுபடி முக்கிச் சுற்றினான்.

மேகம் அடுத்த வளைவுக்கு வந்துவிட்டது.

ஏறி லீவரை ஒரே இழுப்பாக இழுத்துவிடலாமா என்றிருந்தது. இழுத்தால் பம்ப் போய்விடும். அத்தோடு எல்லாம் போயிற்று.

காத்திருந்தான். சாக்கை இன்னொரு முறை முக்கிச் சுற்றினான்.

அடித் திருகைத் திறந்தான். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு. பிறகு பனித்தூளும் தண்ணீருமாகக் கொட்டியது. கடைசியில் எண்ணெய் வந்ததும் திருகை மூடினான்.

வண்டியைக் கிளப்பினான். பக்கெட்டைக் கொஞ்சம் ஏற்றினான். இறக்கினான். இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

பம்ப் கத்துவதை நிறுத்திவிட்டது.

சுவர் சரிந்தபோது வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்துக்குள் ஆட்கள் தெரிந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே கோட்டு. ஒரே தொப்பி. ஒரே கறுப்புக் கண்ணாடி. மூக்குவரை துணி.

அதிகாரிகள் கை குலுக்கினார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக இவனிடம் வந்தார்கள். ஒவ்வொரு கையையும் பிடித்துக்கொண்டு குரலுக்காகக் காத்திருந்தான். ஒவ்வொருவரும் இந்தியில் பேசிவிட்டு நகர்ந்தார்கள்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான். சேர்த்து வைத்த பேச்சில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ஒருவன் மட்டும் இவனிடம் வரவில்லை.

அவன் எல்லோரையும் தாண்டி நேரே வண்டிக்குப் போனான். கையுறையைக் கழற்றினான். எண்ணெய் டேங்கில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்து நின்றான்.

அந்தப் பக்கத்துக் குழுவைத் திரும்ப ஏற்றிப்போகும் லாரி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

அவன் கையை எடுக்கவில்லை.

இவன் தன் கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்தான்.