கோழி எழுப்பும் எந்திரம்

அடுத்து எந்தச் சொல்லை அடிப்பது என்று வக்கீலம்மா போனில் கேட்டார்.

அவள் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தீவன மூட்டையின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். அவள் கணவர் நாச்சிமுத்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எந்திரத்தின் பெயரைப் பதியக் கேட்டதற்கு டிரேட்மார்க் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தது. 'அனைத்து வகை ரோபோக்கள்' என்றால் என்னென்ன? சரக்குப் பட்டியலில் அவை எந்த வகுப்பில் சேரும்? இன்று மாலைக்குள் விளக்கம் போய்ச் சேராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள்.

விண்ணப்பத்தை எழுதியது நாச்சிமுத்துதான்.

மாட்டுச் சந்தையில் விலை சொல்லிப் பழகிய மனிதர். கூட்டிச் சொன்னால்தான், குறைத்துக் கேட்கும்போது நமக்கு வேண்டியது நிற்கும் என்பது அவர் கட்சி. ஆபீஸ்காரர்களும் பேரம் பேசுவார்கள் என்று நினைத்துவிட்டார். கோழிப் பண்ணைக்கு ஒரே ஒரு வகை எந்திரம் செய்துவிட்டு, மரம் ஏறும், பால் கறக்கும், பாரம் தூக்கும், குழந்தைகளோடு விளையாடும், பேசும் என்று நீட்டி முழக்கியிருந்தார்.

மரம் ஏறுவதை அடித்தாயிற்று. பால் கறப்பதையும்.

ஒவ்வொன்றுக்கும் முகம் சுண்டியது. ஆனாலும் விட்டுக்கொடுத்தார். குழந்தைகளோடு விளையாடுவதைக்கூட விட்டுக்கொடுத்தார்.

மிச்சம் ஒரு சொல்தான். பேசும்.

அதில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

வக்கீலம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். வேலை செய்யும் எந்திரம் என்றால் ஏழாம் வகுப்பு. அங்கே வம்பு இல்லை. பேசிப் பழகும் ரோபோ என்றால் ஒன்பதாம் வகுப்பு. அங்கே சென்னைக் கம்பெனி ஒன்று 'மைலா' என்ற பெயரைப் பதிந்து வைத்திருக்கிறது, கடை வாசலில் நின்று வணக்கம் சொல்லும் ரோபோவுக்கு. பேசும் என்று எழுதியிருக்கும்வரை இந்த எந்திரத்துக்கு 'மயிலா' என்ற பெயர் கிடைக்காது.

மயிலாத்தாள் என்பது அவள் பெயர்.

போனால் போகிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷமும் அந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. இப்போது பதினான்கு பண்ணைகளில் ஓடுகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பொங்கலூர்ப் பண்ணைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மயிலா வந்த பிறகுதான் மத்தியானம் கண்ணயர்கிறேன் என்றாள். வீட்டுக்காரர் சாப்பிட்டாரா என்றும் விசாரித்தாள். விசாரித்துவிட்டு ஏனோ சிரித்தாள். அன்றைக்கு முழுக்க இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பெயர் அவளுக்கு வேண்டும்.

எந்திரத்துக்குப் பேச்சு எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. கறிக்கோழி தின்றால் படுத்துவிடும். படுத்தே கிடந்தால் நெஞ்சு புண்ணாகும். நாளுக்கு நாலு தடவை கொட்டகைக்குள் நடந்து எழுப்பிவிட வேண்டும். முட்டி தேயும்வரை அவள் பார்த்த வேலை அது. அதற்காகத்தான் அவர் இந்த எந்திரத்தையே செய்தார். அவள் கோழிகளை அதட்டுவதைக் கைபேசியில் பதிந்து உள்ளே வைத்திருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். எந்திரம் வந்த பிறகு அவள் கொட்டகைக்குள் போவதில்லை; வீட்டிலிருந்து கேட்டால் ஏதோ முணுமுணுப்பாகக் கேட்கும். அவ்வளவுதான்.

வக்கீலம்மாவை இரண்டு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

முழங்கால் உயர எந்திரம் உருண்டு போய்க்கொண்டிருந்தது. கோழிகள் சலித்துக்கொண்டு எழுந்து வழிவிட்டன. எந்திரிங்க சாமி, எந்திரிங்க, தின்னுபோட்டுப் படுத்தா ஆச்சா என்று அவள் குரல் முன்னால் போனது. அவள் பின்னால் போனாள். கடைசி வரிசைவரை போனாள்.

அங்கே குரல் கொஞ்சம் தணிந்தது.

"மணி மூணாச்சு. அந்த மனுசன் இன்னும் ஒருவாய் சோறு திங்கல. நாஞ் சொன்னாக் கேக்கறாரா? இப்படியே கெடந்தா ஒடம்பு என்னத்துக்காகும்? நீங்களாச்சும் கேளுங்க சாமி."

பிறகு ஒரு மூக்குறிஞ்சல்.

பதினான்கு பண்ணைகள். நாளுக்கு நாலு தடவை.

பொங்கலூர்க்காரி ஏன் சிரித்தாள் என்பது இப்போது புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. விறுவிறுவென்று திரும்பி வந்து, பதிவில் அந்தக் கடைசித் துண்டை ஏன் வெட்டவில்லை என்று அவரிடம் கேட்டாள்.

அவர் ஸ்பானரைப் புரட்டி மறுபக்கம் துடைத்தார்.

"வெட்டிப் பாத்தேன் புள்ள. கோழி எந்திரிக்கல."

அவள் இருபது வருஷமாகக் கோழியோடு கிடந்தவள். தகர டப்பாவைத் தட்டினாலே கோழி எழுந்துவிடும். அது அவருக்கும் தெரியும்.

கைபேசியை எடுத்து, பேசும் என்பதைக் காகிதத்தில் அடித்துவிட்டால் எந்திரம் நிஜமாகவே வாயை மூடிக்கொள்ள வேண்டுமா என்று விசாரித்தாள்.

வக்கீலம்மா சிரித்துவிட்டார். காரில் ஹாரன் இருக்கிறது என்பதற்காக அதை வாத்தியக் கருவி என்றா பதிகிறோம்? எந்த வேலைக்காக விற்கிறோமோ அதைத்தான் எழுத வேண்டும். எந்திரம் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போகலாம்.

"அப்ப அடிச்சிருங்க" என்றாள்.

நாச்சிமுத்து ஸ்பானரைக் கீழே வைத்தார்.

வக்கீலம்மா தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினார். கோழிப் பண்ணைக் கொட்டகையில் தானே நகர்ந்து சென்று, படுத்திருக்கும் கோழிகளை எழுப்புவதற்கான எந்திரம். ஏழாம் வகுப்பு. பெயர், மயிலா.

ஒரே ஒரு வரி. அவளுக்கு நிறைந்துவிட்டது.

அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டுமாம்.

"இதத் தவிர அதுக்கு வேற எந்தப் பயன்பாடும் இல்லியேம்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

"கோழி எழுப்பறதுக்கு மட்டுந்தானுங்க" என்றாள்.

அரசாங்கத்திடம் அவள் சொன்ன முதல் பொய் அது.