வெயில் சாவு

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. செத்துக் கிடந்தவற்றைப் பார்த்துவிட்டு, அரசுக் கால்நடை மருத்துவர் எழுதினார்: ‘முந்நூற்றுப் பன்னிரண்டு கோழிகள். காரணம், கடும் வெயில்.’

பண்ணையில் வேலை செய்யும் சாலம்மாள் கேட்டாள். “ஏனுங்க சாமி, வெயிலுன்னு எழுதினா கவருமெண்டு ஒத்துக்குமுங்களா?”

“நான் எழுதினா ஒத்துக்கும்மா.”

“அப்ப இன்னொன்னு சேத்துக்குங்க. போன வாரம் இதே கொட்டகையில சுருண்டு விழுந்து செத்த ஒரு உசுருங்க.”

“ஒரு கோழிதானே? விடும்மா.”

“கோழியில்லீங்க, எங்க ஊட்டுக்காரரு. கூரைக்குத் தண்ணி பீச்சிக்கிட்டு இருந்தாரு. மனுசன் வெயில்ல செத்தான்னு எழுதினா அரசாங்கம் பணம் குடுக்கோணுமாமுங்க. அதனால ஆஸ்பத்திரியில மாரடைப்புன்னு எழுதிட்டாங்க.”

“நான் கோழிக்குத்தானம்மா எழுத முடியும்?”

“தெரியுமுங்க சாமி. முந்நூத்திப் பதிமூணு கோழின்னே எழுதிக்குங்க.”