சனிக்கிழமை வகுப்பு

"இந்தச் சனிக்கிழமையும் கிளாஸா?"

"ஆமாங்க," என்று கணவனுக்குப் பதில் சொன்னபடி பெரம்பலூரில் திருச்சி பஸ் ஏறினாள் கண்ணகி டீச்சர்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் மேல்படிப்பு. விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்ததே அவள் கணவன் பழனிவேல்தான். இரண்டு வருடப் படிப்பு மூன்றாவது வருடமும் நீண்டதில் சந்தேகம் முளைத்து, அடுத்த பஸ்ஸில் கல்லூரிக்கே போய்விட்டான்.

"அவங்க போன வருஷமே முடிச்சுட்டாங்களே சார்," என்றார் கிளார்க். "பயிற்சிக்குப் போன பாடாலூர் பள்ளிக்கூடத்துல வேணா விசாரிங்க."

பொய் சொல்லிவிட்டு யாரைப் பார்க்கப் போகிறாள்? பாடாலூருக்குப் பஸ் பிடித்தான்.

பள்ளி வராந்தாவில் கண்ணகியின் தோளில் சாய்ந்திருந்தாள் ஒரு சிறுமி.

"உங்க தம்பி பொண்ணுதாங்க. அம்மா செத்ததுலேருந்து வாயே தொறக்கல. இப்பத்தான் ஒண்ணு ரெண்டு வார்த்தை பேசுது. பாதியில வுட மனசு வரல," என்றாள் கண்ணகி. "நீங்கதான் தம்பி வூட்டோட பேச்சே கூடாதுன்னுட்டீங்க."

பாகத் தகராறில் பிரிந்து எட்டு வருடம். பழனிவேல் தயங்கிக் குனிந்தான். "பேரு என்ன கண்ணு?"

"பொன்னாயி."

அவனைப் பெற்றவளின் பெயர் அது. பழனிவேல் அப்படியே வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்கப்பன் வூட்டுல இருக்கானா, ஆத்தா?"